கொடிரோஜாவை வளைத்துக் கட்டுதல்

ரோஜா வளர்க்க விரும்புவோர்க்கு நான் கூறுவது, கொடிரோஜா ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்பதே. சிறு வீட்டிற்கும் ஒரு சுவர் உண்டன்றோ? நாள்தோறும் 6 மணி நேரமாவது வெயில் படும் சுவரருகே, 45 சென்டிமீட்டர் நீள அகல ஆழமுள்ள குழியில் மட்கிய தொழுவுரமிட்டு ஒட்டுச்செடியை நடுங்கள். ஒட்டுக்குக் கீழே கிளம்பும் தளிர்களை நீக்கிவிடுங்கள். விட்டால் அவையே செடியை விழுங்கிவிடும்.

பாகற்கொடிக்குப் பற்றுக்கம்பி உண்டு, ரோஜாவுக்கு இல்லை. நாமே கட்டவேண்டும். எவ்வாறு? நிமிர்த்திக் கட்டிய தண்டு பெரும்பாலும் உச்சியிலேயே பூக்கும். நுனிமொட்டில் ஊறும் ஆக்சின் என்னும் பொருள் கீழிறங்கிப் பக்கமொட்டுகளை அடக்கி வைக்கிறது. இதனைத் தைமன், ஸ்கூக் என்னும் அறிஞர் இருவர் 1933இல் சோதனையால் காட்டினர். தண்டைக் கிடையாக வளைத்தால் அவ்வாதிக்கம் தளரும். கணுதோறும் கிளை எழுந்து பூக்கும். ஒரே செடியின் இரு தண்டுகளை இவ்விருவகையிலும் கட்டிப் பார்த்தேன். தெருவிற் செல்வோரும் வேற்றுமையைக் கண்டனர்.

முதிர்ந்த தண்டு வளையாது, முறியும். ஆதலின் இளந்தண்டையே சில நாட்களில் சிறிது சிறிதாக வளைத்து, வாழைநாரால் தளர்வாகக் கட்டுங்கள். வளையும் பருவம் குறுகியது. அதைத் தவறவிட்டால் அத்தண்டின் பூக்களைக் கூரைமேல்தான் தேடவேண்டும்.