மூன்றாவது கட்டம்

பின்னால் நாற்காலி கிடைக்காமல் சுவரில் சாய்ந்து நிற்கும் என் சித்த மருத்துவ மாணவச் செல்வங்களே!

அழைப்பிதழில் என் பேச்சுக்குத் தலைப்பு போட்டிருக்கிறார்கள்: 'மாற்று மருத்துவமும் ஆய்வு வெளியீடுகளும்'. மாற்று என்ற சொல்லையே நான் ஏற்கவில்லை. எதற்கு மாற்று? 1964-லேயே அரசு சித்த மருத்துவக் கல்லூரியைப் பெற்ற பாளையங்கோட்டை இது. இங்கே பிள்ளை பிறந்தவுடன் நாக்கில் தடவியது உரை மருந்து. முதலில் இருந்தது நாம். பிறகு வந்தவர்கள் நமக்குப் பெயர் வைக்கிறார்கள்!

கைதட்டலுக்கு நன்றி. ஆனால் இன்று நான் சொல்ல வந்ததில் பாதிக்கு உங்களுக்குக் கை எழாது. அதையும் கேட்க வேண்டும்.

கீழாநெல்லி. இந்த மன்றத்துக்கு வெளியே சாக்கடை ஓரத்தில்கூட முளைத்திருக்கும். மஞ்சள் காமாலை என்றால் மோரில் அரைத்துக் கலக்கிக் கொடுத்தார்கள் நம் ஆச்சிமார்கள். 1988-ல், லண்டனிலிருந்து வரும் லான்செட் இதழில், உலக மருத்துவர்கள் காலையில் எழுந்ததும் தேடிப் படிக்கும் அந்த இதழில், சென்னைப் பல்கலைக்கழகத்து எஸ்.பி. தியாகராஜன் குழு ஒரு கட்டுரை எழுதியது. கூட எழுதியவர் யார்? ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய புளும்பெர்க். நம் கீழாநெல்லிக்குப் பக்கத்தில் அவர் பெயர்! அந்தக் கிருமியை உடம்பில் சுமந்தவர்களில் 37 பேருக்குக் கீழாநெல்லித் தூள், 30 நாள். 22 பேருடைய இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்துவிட்டது. வெற்றுத் தூள் சாப்பிட்ட 23 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் மறைந்தது.

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். அந்தத் தட்டலுக்கு உரியவர்கள்தான் அவர்கள்.

அடுத்து நடந்ததைச் சொல்கிறேன். 1990-ல் தாய்லாந்துக்காரர்கள் அதே சோதனையைச் செய்தார்கள். கிருமி போகவில்லை. அதையும் அதே லான்செட்தான் வெளியிட்டது. பிறகு பல நாடுகளில் பல சோதனைகள். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்த காக்ரேன் குழு, உறுதியான ஆதாரம் இல்லை என்று 2011-ல் எழுதியது. இப்போது மன்றம் அமைதியாகிவிட்டது, பாருங்கள். இந்த அமைதியைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

1988-ஐ நம் ஆட்கள் எல்லோரும் மேடையில் சொல்வார்கள். 1990-ஐ யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அங்கே பறித்த செடி எந்த இனம், எந்த மண், எந்தப் பருவம், எப்படி உலர்த்தினார்கள் என்று கேட்டு, மறுபடியும் செய்து பார்த்திருக்க வேண்டியது யார்? நாம் அல்லவா? தாய்மார்களே, பிள்ளைக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி இருக்கிறது, அரசாங்கம் இலவசமாகப் போடுகிறது, அதைப் போட்டுவிடுங்கள். இதைச் சொல்வதால் நான் சித்தத்துக்குத் துரோகி ஆகிவிட மாட்டேன்.

என் ஆசான் ஒருவர் இருந்தார். தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன ஊர். பெயர் சொல்ல மாட்டேன். "மேடையில என் பேர எடுத்தேன்னா, அப்புறம் என் வீட்டு வாசல மிதிக்காத" என்று சொன்னவர். அவர் வாசல் இப்போது இல்லை. சொல்லுக்கு மட்டும் கட்டுப்படுகிறேன். அவரிடம் ஒரு கணக்கு நோட்டு இருந்தது, மளிகைக் கடையில் பற்று எழுதுகிற நீள நோட்டு. அதில் மூன்று கட்டம் போட்டிருப்பார். முதல் கட்டத்தில் ஆள், வயது, நாடி. இரண்டாவதில் மருந்து, துணைமருந்து, பத்தியம். மூன்றாவதில் ஒரே சொல். 'கேட்டது'. அல்லது 'கேட்கவில்லை'.

நான் அப்போது இருபது வயதுப் பையன். கேட்டேன்: "ஐயா, கேக்கலன்னு எதுக்கு எழுதுதீங்க? யாராவது பாத்தா என்ன நினைப்பாவ?" அவர் தைலச் சட்டியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "நாளைக்கு நீ இதே மருந்த இதே மாதிரி ஒருத்தனுக்குக் குடுப்பேல்லா? அவனுக்காக எழுதுதேன்."

அவ்வளவுதான். இதைத்தான் உலகம் இப்போது பெரிய சட்டமாகப் போட்டிருக்கிறது. மருந்துச் சோதனை செய்யப்போகிறவர்கள், தொடங்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். இந்தியாவில் அந்தப் பதிவேடு 2007-ல் வந்தது, 2009-லிருந்து கட்டாயம். எதற்கு? தோற்றுப்போன சோதனையைப் பரணில் போட்டு மறைத்துவிடக் கூடாது என்பதற்கு! நீள நோட்டில் என் ஆசான் செய்ததற்கு அரசாங்கம் வந்து சேர இத்தனை வருடம் ஆயிற்று.

மறைப்பது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. 1998-ல் ஆண்ட்ரூ விக்கர்ஸ் என்பவரும் கூட்டாளிகளும் அக்குபங்சர் சோதனைகளை நாடு வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். சீனா, ஜப்பான், ஹாங்காங், தைவான் இந்த நான்கிலிருந்தும் வந்த அக்குபங்சர் சோதனை அத்தனையும் வெற்றி! ஒன்றுகூடத் தோற்கவில்லை. எந்த வைத்தியனுக்காவது அப்படி நடந்திருக்கிறதா? கேட்காத நோயாளியே வராத வைத்தியசாலை உலகத்தில் உண்டா?

தோல்வியை மறைப்பது ஒரு வியாதி, பொய்யை அச்சேற்றுவது இன்னொன்று. கல்பாசி தெரியுமா? பிரியாணிக்குப் போடுவீர்களே, கறுப்பாகப் பாறையில் ஒட்டி வளர்வது, அந்த இனம். 2013-ல் சயின்ஸ் இதழின் செய்தியாளர் ஜான் போஹனன் ஒரு பொய்க் கட்டுரை தயாரித்தார். பாசியிலிருந்து எடுத்த பொருள் புற்றுநோயைத் தடுக்கிறது என்று. கல்லூரி மாணவன் கண்ணுக்கே படுகிற தப்புகளை வேண்டுமென்றே உள்ளே வைத்தார். எழுதிய ஆள் பெயரும் பொய், வேலை பார்க்கிற நிறுவனமும் பொய். 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன! பாதிக்கு மேல்! பணம் கட்டினால் போட்டுவிடுகிறோம் என்றார்கள். அந்த வலையில் அதிகமாகச் சிக்கிய இதழ்கள் எந்த நாட்டவை? நம் நாட்டவை. சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. ஆனால் கவனியுங்கள், பொய் சொல்ல அவர் எதைத் தேர்ந்தெடுத்தார்? ஒரு மூலிகைச் சரக்கை. அது நமக்கு விழுந்த அடி.

எனக்கும் ஒரு தடவை அப்படிப் பணம் கேட்டுப் பதில் வந்தது. காளாஞ்சகப்படைக்கு, அதாவது சோரியாசிஸுக்கு, வெட்பாலைத் தைலம். இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் ஊதா நிறம் ஏறுமே, அந்தத் தைலம். யாருக்குக் குறைந்தது, யாருக்குக் குறையவில்லை, யாருக்கு மழைக்காலத்தில் திரும்பி வந்தது என்று எல்லாம் எழுதி ஓர் இதழுக்கு அனுப்பினேன். இரண்டே நாளில் பதில். கட்டுரை சிறப்பு, பணம் அனுப்புங்கள், 'குறையவில்லை என்ற பகுதியை நீக்கினால் நன்றாக இருக்கும்'. யாரும் அதைப் படிக்கவில்லை ஐயா! படித்திருந்தால் ஒரு கேள்வியாவது கேட்டிருப்பார்கள். நான் பணம் அனுப்பவில்லை. அந்த ஆண்டு எனக்குப் பதவி உயர்வும் வரவில்லை, கட்டுரை எண்ணிக்கை குறைவு என்றார்கள். வருத்தம் இன்றைக்கும் உண்டு. இல்லை என்று சொன்னால் அது பொய்.

ஆனால் சிலர் அனுப்பினார்கள். அவர்கள் பெயர் எனக்கு வேண்டாம், அவர்கள் முகம் உங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் தினமும் காலையில் வரும். காசு கட்டி அச்சடித்த நாலு பக்கத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிக்கொண்டு, "சர்வதேச ஆய்விதழில் நிரூபிக்கப்பட்டது" என்று சர்க்கரை நோயாளியிடம் சொல்கிறார்கள். இன்சுலினை நிறுத்து என்கிறார்கள். நிறுத்திய பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். கால் விரல் கறுத்த பிறகு அவளை என்னிடம் அழைத்து வந்தார்கள். அந்தக் கண்ணாடிச் சட்டத்தில் இருப்பது ஆய்வா? அகத்தியர் பெயரைச் சொல்லி வயிறு வளர்க்கிறவர்களே, உங்கள் நோட்டில் மூன்றாவது கட்டம் இருக்கிறதா? இருந்தால் காட்டுங்கள்! இந்த மேடையில் வைத்துக் காட்டுங்கள்!

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள் தம்பி.

எழுத்துக்கு வலிமை இல்லை என்று நினைக்காதீர்கள். 1995-ல் அமெரிக்காவில், மஞ்சள் புண்ணை ஆற்றும் என்று காப்புரிமையே கொடுத்துவிட்டார்கள். நம் மஞ்சளுக்கு! நம் சி.எஸ்.ஐ.ஆர். வழக்காடி 1997-ல் அதை உடைத்தது. எதை வைத்து உடைத்தது? 'எங்கள் ஆச்சி சொன்னாள்' என்று சொல்லியா? அச்சில் இருந்த 32 சான்றுகளை எடுத்து வைத்தது. அதில் ஒன்று இந்திய மருத்துவச் சங்க இதழில் 1953-ல் வந்த கட்டுரை. எழுதியவருக்குத் தெரியுமா, நாற்பது வருடம் கழித்து அந்தத் தாள் அமெரிக்காவரை போய் நிற்கும் என்று?

என் ஆசான் ஒரு வரிகூட அச்சில் ஏற்றியதில்லை. அவர் போன பிறகு அந்த நோட்டுகளை எடைக்குப் போட வைத்திருந்தார்கள். நான் போய் வாங்கி வந்தேன். பதினோரு நோட்டு. முதல் நோட்டு இதோ, இந்த மேசைமேல் மஞ்சள் துணியில். கூட்டம் முடிந்ததும் வந்து பாருங்கள், கையைத் துடைத்துவிட்டுத் தொடுங்கள்.

மாணவச் செல்வங்களே, அதில் எண்களையெல்லாம் தமிழ் எண்ணில் போட்டிருக்கிறார். எனக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. தமிழ் எண் படிக்கத் தெரிந்த இரண்டு பேர் எனக்கு வேண்டும். சனிக்கிழமை காலையில் வீட்டுக்கு வாருங்கள், இட்லி உண்டு. நாலாவது நோட்டில் கறையான் ஏறியிருக்கிறது. அதை முதலில் படியெடுத்துவிடுவோம், மூன்றாவது கட்டத்தையும் சேர்த்து.