வலி தீர்க்கும் ஊசி: கீரனூரில் ஆற்றப்பட்ட உரை



கீரனூருக்குத் தெற்கே, சித்தன்னவாசல் குன்றின் ஏழடிப்பட்டத்தில் 17 கற்படுக்கைகள் உள்ளன. அவற்றில் தலையணையும் கல்லே. அங்குத் தவமிருந்த முனிவர்கள் பசி, தாகம், குளிர், நோய் உள்ளிட்ட 22 பரீஷகங்களையும் பொறுத்தனர். அது துறவறத்தாரின் நெறி. இல்லறத்தார்க்கு அக்கடுமை விதிக்கப்படவில்லை. வயலில் குனிந்து நிமிர்ந்த முதுகும், படியேற மறுக்கும் முழங்காலும் மருத்துவம் தேடுவதில் குறையொன்றுமில்லை.

ஆயினும் வலி மருந்து என்றதும் சமணக் குடும்பங்களில் தயக்கம் எழுகிறது. கேப்சூல்களின் மேலுறை பெரும்பாலும் விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனது. கதிரவன் மறைந்தபின் உண்ணாத முதியோர்க்கு, வலி மிகும் இரவில் மாத்திரை விழுங்குவதும் இடர். இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் அம்மாத்திரைகள் செய்யும் தீங்கு தனிக்கதை. ஆகவேதான் வயிற்றுக்குள் எதுவும் செல்லாத அக்குபங்சர் பலரை ஈர்க்கிறது.

சீனத்தில் தோன்றிய இம்முறை இந்தியாவுக்கு வந்த வழி தொண்டின் வழி. 1938-ல் போரால் துயருற்ற சீனர்க்கு உதவ இந்திய மருத்துவர் ஐவர் சென்றனர். அவர்களுள் கோட்னிஸ் அங்கேயே 1942-ல் உயிர்நீத்தார். உடன் சென்ற விஜயகுமார் பாசு, 1950-களின் இறுதியில் மீண்டும் சீனம் சென்று இக்கலையைக் கற்றுக் கொல்கத்தாவில் தொடங்கினார். 2019-ல் நடுவண் அரசு இதனைத் தனி மருத்துவ முறையாக ஏற்றது.

இதனால் வலி தீருமா? மயிரிழை போன்ற ஊசி நரம்புகளைத் தூண்ட, வலியை அடக்கும் எண்டார்பின் போன்ற பொருள்களை உடலே சுரக்கிறது என்பது ஒரு விளக்கம். 39 ஆய்வுகளில் பங்கேற்ற 20,827 பேரின் விவரங்களைத் தொகுத்து 2018-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. முதுகு, கழுத்து, முழங்கால் வலியிலும் நாள்பட்ட தலைவலியிலும் ஊசி பயன் தந்தது. ஆனால் போலி ஊசியைவிட அது தந்த கூடுதல் பயன் சிறிதே. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுக் குழு, காரணம் புலப்படாத நாள்பட்ட வலிக்கு 2021-ல் இதனை ஏற்று, மூட்டுத் தேய்மானத்துக்கு 2022-ல் பரிந்துரைக்க மறுத்தது. அறிஞரிடையே வழக்கு முடியவில்லை.

முடிந்த வழக்கு ஒன்றுண்டு. ஊசி வலியைத் தணிக்கலாம். வலியின் காரணத்தைக் காட்டாது. நெஞ்சுவலியோ, திடீரெனக் கால் மரத்துப்போதலோ வந்தால் முதலில் செல்லவேண்டிய இடம் மருத்துவமனை. சர்க்கரை மாத்திரையையும் இன்சுலினையும் நிறுத்தச் சொல்லும் ஊசி மருத்துவரும் சிலர் உளர். அவர் எத்துணை இனிமையாகப் பேசினும், அந்தப் படியை உடனே இறங்கிவிட வேண்டும். வலி குறைந்த மகிழ்ச்சியில் அச்சொல்லை நம்புவோரே மிகுதி என்பதால் இதனை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது.

குருதி உறையாதிருக்க மாத்திரை உண்போரும் கருவுற்றோரும் அதனை முன்னரே தெரிவிக்க வேண்டும். ஊசி ஒருமுறை மட்டுமே பயன்படுவதாக இருத்தல் வேண்டும். அதன் உறை தம் கண்முன் பிரிக்கப்பட்ட பின்னரே கையை நீட்டலாம்.