ஆங்கில வினையும் காலமும்
(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

தமிழ்ப் பண்டிதனுக்கு ஆங்கில இலக்கணத்தில் என்ன வேலை என்று சிலர் நகைக்கக்கூடும். நம் சங்கத்தின் உபகாரச் சம்பளத்துக்கு வந்த விண்ணப்பங்களை அண்மையிற் பார்வையிட்டோம். “ஐ ஹாவ் பாஸ்ட் லாஸ்ட் இயர்” என்றெழுதாத பிள்ளை அரிது. அவர்கள் அறிவிற் குறைந்தவரல்லர். ஆயினும், வேலை தேடிச் செல்லுமிடத்து இவ்வொரு வாக்கியமே அவர்களைப் பின்னிறுத்திவிடுமே என்பது எம் கவலை.

இப்பிழைக்கு வேர் யாது? “போன வருஷம் தேறியிருக்கிறேன்” என்பது தமிழில் வழுவன்று. “தேறினேன்” என்பது நிகழ்ச்சியை மட்டும் கூறும்; “இருக்கிறேன்” என்பது சேருங்கால் அதன் பயன் இன்றும் நிற்பது தோன்றும். ஆங்கிலத்து “ஹாவ்” என்பதும் அத்தகையதே. ஆனால், அது முடிந்துபோன காலத்தைச் சுட்டும் சொல்லோடு கூடாது. நேற்று, சென்ற ஆண்டு, 1998 என ஒன்று வந்தவுடன் “ஹாவ்” நீங்கிவிடல் வேண்டும். “இன்று காலை” என்பதோ நுட்பமானது. காலைப்பொழுது கழியுமுன் “ஐ ஹாவ் ஸீன் ஹிம் திஸ் மார்னிங்” என்னலாம். உச்சி சாய்ந்தபின் “ஐ ஸா ஹிம்” என்பதே முறை.

நாள்தோறும் செல்வதற்கும் இக்கணம் செல்வதற்கும் நாம் “செல்கிறான்” என்றே சொல்கின்றோம். ஆங்கிலமோ முன்னதைக் “கோஸ்” என்றும், பின்னதை “இஸ் கோயிங்” என்றும் பிரிக்கும்.

இனி எதிர்காலம். நன்னூலார் அதற்குப் ப், வ் என இரண்டு இடைநிலை கூறினார். ஆங்கில வினைக்கு அத்தகைய உருபே இல்லை! “வில்” என்பது பண்டு விருப்பத்தையும், “ஷால்” என்பது கடப்பாட்டையும் குறித்த சொற்கள், அவற்றையே துணைகொண்டனர். “தி டிரெயின் லீவ்ஸ் டுமாரோ” என நிகழ்காலத்தாலும் எதிர்வதனை உரைப்பர். இது நமக்குப் புதிதன்று. இலைமுன் அமர்ந்திருப்பவன், வாயிலில் நின்றழைப்பவனுக்கு “இதோ வந்துவிட்டேன்” என்கிறானல்லவா? விரைவும் தெளிவும் பற்றிக் காலம் மயங்குதலை நம் இலக்கணம் காலவழுவமைதி என ஏற்றுக்கொண்டதே.

இவற்றையெல்லாம் விடுத்துப் பன்னிரண்டு கட்டமிட்ட அட்டவணையை உருப்போடச் செய்கின்றனர். யாமும் இளமையில் அதனைத் தலைகீழாய் ஒப்பித்தோம், ஒன்றும் விளங்கிற்றில்லை.

ஞாயிறுதோறும் மாலை ஒரு மணி நேரம், சங்கக் கட்டடத்தில் இதனைத் தமிழ்வழிக் கற்பிக்க யாம் இசைகின்றோம். கரும்பலகை ஒன்று சங்கத்தார் உதவினாற் போதும். பெண்மக்களையும் தவறாது அனுப்புக.