கொச்சித் தீவுகளில் ஒரு நாள்

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர் அடிக்கடி விடை கூற வேண்டிய வினா ஒன்று உண்டு. விண்ணப்பத் தாள்களில் ‘சொந்த ஊர்’ என்றொரு கட்டம் இருக்கும். மைய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பே எமது தொழிலாதலின், அச்சொற்களைப் பல தாள்களில் பெயர்த்து எழுதியிருக்கிறோம். ஆயினும் சென்ற ஆண்டு எங்கள் மகன் பள்ளித் தாளை நீட்டி, “அப்பா, நான் வளர்ந்தது இங்கேதானே? இதில் எந்த ஊரை எழுத?” என்று கேட்டபோது சற்றுத் தயங்கினோம். தாமிரவருணிக் கரையிலுள்ள எங்கள் சிற்றூரின் பெயரை எழுதச் சொன்னோம். அவன் அவ்வூரைக் கண்டது மூன்றே முறை. எழுதினான், முகத்தில் தெளிவில்லை.

அடுத்த ஞாயிறன்று அவனை அழைத்துக்கொண்டு கொச்சித் துறைமுகத் தீவுகளைக் காணப் புறப்பட்டோம்.

நாங்கள் குடியிருப்பது வில்லிங்டன் தீவு. படகுத்துறையில் காத்திருக்கையில், காலடியில் கிடந்த மண்ணின் கதையையே முதலில் சொன்னோம். நூறாண்டுகளுக்கு முன் இவ்விடத்தில் காயல் நீரே இருந்தது. முகத்துவாரத்தின் குறுக்கே மணல்திட்டு கிடந்தமையால் பெருங்கப்பல்கள் வெளிக்கடலிலேயே நங்கூரமிட்டன. சரக்குகளைப் படகுகளில் ஏற்றியிறக்கினர். 1920ஆம் ஆண்டு இங்கு வந்த இராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர் அத்திட்டை வெட்டிக் கப்பற்பாதை வகுத்தார். 1928இல் கடற்கப்பல் உள்ளே நுழைந்தது. தோண்டியெடுத்த மணலையும் சேற்றையும் வெண்டுருத்தி என்ற பழைய தீவை ஒட்டிக் கொட்டி, 700 ஏக்கருக்கு மேற்பட்ட புதுநிலம் ஆக்கினர். சென்னை மாகாண ஆளுநராக இருந்து பின்னர் வைசிராயான வில்லிங்டன் பிரபுவின் பெயரை அதற்கு இட்டனர். லட்சத்தீவுக்குச் செல்லும் பயணிகள் கப்பல்கள் புறப்படுவதும் இங்கிருந்தே.

“அப்படியானால் இந்த மண்ணும் வேறிடத்திலிருந்து வந்ததா?” என்றான் மகன். ஆம் என்றோம்.

படகில் எர்ணாகுளம் சேர்ந்து, 2004இல் திறக்கப்பெற்ற கோஸ்ரீ பாலங்களின் வழியே பேருந்தில் சென்றோம். 1744இல் டச்சுக்காரர் கட்டிய மாளிகையுள்ள போல்காட்டியையும், 2011 முதல் கொள்கலன் முனையம் இயங்கும் வல்லார்பாடத்தையும் கடந்தால் வைப்பின் தீவு. 1341இல் பெரியாற்றில் பெருகிய வெள்ளமே கொச்சி முகத்துவாரத்தைத் திறந்தது என்றும், அது கொணர்ந்த வண்டலால் வைப்பின் உருவாயிற்று என்றும் கூறுவர். பிரிஸ்டோ இயந்திரத்தால் செய்ததை ஆறு முன்னரே செய்திருக்கிறது! அங்கிருந்து ‘ஜங்கார்’ எனப்படும் பெரும்படகில், சீனவலைகளைப் பார்த்தவாறே கோட்டைக்கொச்சியில் இறங்கினோம்.

அங்கே வெளி என்னும் பகுதியில் ஒரு சலவைக்கூடம் உள்ளது. டச்சுப் படைவீரரின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட வண்ணாரின் வழியினர் அங்கே இன்றும் தொழில் செய்கின்றனர். துவைகல்லில் அடித்து, கஞ்சியிட்டு, முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடையே துணியின் முனையைச் செருகி வெயிலில் உலர்த்துகின்றனர். காற்றடித்தாலும் துணி விழுவதில்லை. தலைமுறைகள் பல கடந்தும் அவர்கள் வீட்டில் தமிழ் வழங்குகிறது. மலையாள ஓசை கலந்த தமிழ், ஆயினும் தமிழே.

முதியவர் ஒருவரிடம் எங்கள் மகன், “தாத்தா, உங்களுக்கு எது சொந்த ஊர்?” என்று கேட்டுவிட்டான். அவர் ஈரத் துணியைப் பிழிந்தபடியே, “நிக்கிற இடம் இது, தம்பி. பேசுற பேச்சு அங்கேருந்து வந்தது. ரெண்டும் நமக்குத்தானே?” என்றார்.

மாலையில் மட்டாஞ்சேரிப் பாலத்தைக் கடந்து வீடு திரும்பினோம். எத்தனையோ தாள்களில் ‘சொந்த ஊர்’ என்று எழுதிய எமக்கு அச்சொற்களின் பொருள் அன்றுதான் விளங்கியது. உழைப்பு சேற்றை நிலமாக்குகிறது. அந்நிலத்தை ஊராக்குவதும் அதுவே. ஆனால் மொழியை எவரும் நமக்காகக் கொண்டுவந்து கொட்டமாட்டார்கள். அதை வீட்டிலே நாமே பேசிக் காக்க வேண்டும்.

மும்பையிலோ தில்லியிலோ கொல்கத்தாவிலோ இதனைக் கேட்கும் அன்பர்களே! நீங்கள் வாழும் நகரிலும் இத்தகைய பழந்தமிழ்த் தெரு ஒன்று இருக்கக்கூடும். ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளுடன் அதைத் தேடிச் செல்லுங்கள்.

இவ்வாண்டும் பள்ளித் தாள் வந்தது. எங்கள் மகன் அந்தக் கட்டத்தில் இரண்டு ஊர்களை எழுதினான். இடம் போதவில்லை, எழுத்தைச் சிறிதாக்கி எழுதி முடித்தான். நாங்கள் திருத்தவில்லை.