இறுதி வரி வரை படிப்போம்

(சங்கத்தின் வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் விழாவில் தலைமையாசிரியர் பேச எழுந்தால் தேர்வு, மதிப்பெண், வேலைவாய்ப்பு ஆகியவற்றைப் பற்றியே பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. பெண்களுக்குச் செய்யப்படும் கருப்பை வாய்ச் சோதனையில் தெளிவான விடை கிடைக்காதபோது, அத்துடன் விட்டுவிடுவதா, மேலும் கேட்பதா என்பதே அப்பொருள். ஆடவர் நிறைந்த அவையில் இதனைப் பேசலாமா எனச் சிலர் தயங்கக்கூடும். பேசாதிருந்தமையால் நாம் இழந்ததைச் சொன்னால் அத்தயக்கம் நீங்கும்.

அண்ணல் அம்பேத்கர் 1928ஆம் ஆண்டிலேயே பம்பாய்ச் சட்டமன்றத்தில் உழைக்கும் பெண்களின் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவராகவும் விளங்கினார். ஆகவே பெண்ணின் உடல்நலமும் மருத்துவ அறிவும் நம் இயக்கத்திற்குப் புதியன அல்ல. இடையில் நாம்தாம் மறந்துவிட்டோம்.

நம் தமக்கையார் பள்ளி சென்றவர் அல்லர். நாற்று நட்டும் களை பறித்தும் ஈட்டிய கூலியில் நம்மை பி.ஏ., பி.எட். வரை படிக்க வைத்தவர். 2011ஆம் ஆண்டு பக்கத்து ஊரில் நடந்த மருத்துவ முகாமில் அவருக்குப் பாப் சோதனை செய்தார்கள். அப்போது அவருக்கு வயது 53. சில வாரங்களுக்குப் பின் வந்த முடிவுத் தாளை நம்மிடம் கொண்டுவந்து, “என்ன எழுதியிருக்குது, தம்பி?” என்று கேட்டார். ஆங்கிலத்தில் மூன்று வரிகள் இருந்தன. புற்றணுக்கள் காணப்படவில்லை என்பது முதல் வரி. அதைப் படித்த மகிழ்ச்சியில், “ஒன்றுமில்லை அக்கா, நிம்மதியாகப் போங்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டோம். எடுத்த மாதிரி போதுமானதாக இல்லை என்பது இரண்டாம் வரி. மீண்டும் சோதனை செய்க என்பது மூன்றாம் வரி. அவ்விரு வரிகளும் நம் கண்ணில் பட்டன, கருத்தில் படவில்லை.

மாதவிடாய் நின்று மூன்று ஆண்டுகள் கழிந்தும் அவருக்கு அவ்வப்போது உதிரம் பட்டுவந்தது. உடன்பிறந்தவன் ஆயினும் ஆண்மகனிடம் அதை எப்படிச் சொல்வது என்று அவர் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. “தம்பி பார்த்துவிட்டான், ஒன்றுமில்லையாம்” என்று மகளிடம் சொல்லி ஆறுதல் அடைந்திருக்கிறார். 2013ஆம் ஆண்டு இடுப்புவலி தாங்காமல் மருத்துவமனைக்குச் சென்றபோது நோய் மூன்றாம் நிலையை எட்டியிருந்தது. கதிர்வீச்சு மருத்துவம் செய்தும் பதினான்கு மாதங்களே உயிரோடு இருந்தார். நமக்குக் கற்பித்தவரின் தாளை நாம் சரியாகப் படிக்கவில்லை. இக்குற்றத்தை எவர்மீதும் சுமத்தவில்லை, அது நம்முடையது.

அதன் பின்னரே இந்நோயைப் பற்றிக் கற்கத் தொடங்கினோம். கற்றவற்றை எளிய முறையில் எடுத்துரைக்கிறோம்.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் மனித பாப்பிலோமா வைரஸே காரணம். இதனைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிவியலாளர் ஹெரால்ட் சூர் ஹவுசன் 2008ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். இவ்வைரஸ் தொற்றும் பெண்களில் மிகப் பலருக்கு அது ஓரிரு ஆண்டுகளில் தானே அகன்றுவிடும். சிலருக்கு மட்டுமே தங்கி, அணுக்களில் மாற்றத்தை உண்டாக்கும். அம்மாற்றம் புற்றாக முதிர்வதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு அதனினும் விரைவில் நேரலாம். ஆகவே தெளிவற்ற முடிவு வந்த அன்றே இடிந்துபோக வேண்டியதில்லை. கவலையற்று இருந்துவிடவும் கூடாது.

சோதனைகள் பலவகை. கருப்பை வாயிலிருந்து அணுக்களை வழித்தெடுத்து நுண்ணோக்கியில் காண்பது பாப் சோதனை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் அசிட்டிக் அமிலக் கரைசலைத் தடவி, சிறிது நேரம் கழித்து வெண்மை தோன்றுகிறதா என்று பார்ப்பார்கள். வெண்மை தோன்றினால் புற்று என்று பொருளன்று. சாதாரண அழற்சியாலும் அது தோன்றும். வைரஸ் உண்டா என அறியும் சோதனையும் இருக்கிறது. இவை யாவும் சல்லடை போன்றவை. ஐயத்திற்குரியவர்களைப் பிரித்துக் காட்டுமேயன்றி, நோய் இன்னதென்று தீர்ப்பு வழங்கா. தீர்ப்புக்குக் கால்போஸ்கோப்பி என்னும் உருப்பெருக்கிக் கருவியால் பார்த்து, தேவையானால் சிறு துணுக்கு எடுத்துப் பயாப்சி செய்தல் வேண்டும்.

இச்சல்லடையின் பயனை நிறுவியதில் தமிழகத்திற்குப் பங்குண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களிடம் அசிட்டிக் அமிலச் சோதனை நடத்தி ஆராய்ந்தார்கள். சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்நோயால் நேர்ந்த இறப்பு, ஏனைய ஊர்களைவிட 35 விழுக்காடு குறைந்தது. அம்முடிவு 2007ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. சோதித்ததோடு நில்லாமல், ஐயம் எழுந்தவர்களைத் தொடர்ந்து பார்த்து மருத்துவம் செய்தமையாலேயே அப்பயன் விளைந்தது என்பதை மனத்திற் கொள்ளுங்கள்.

அவ்வாறாயின், ஐயம் என்றவுடன் எல்லாச் சோதனைகளையும் செய்துகொள்ள வேண்டுமா? வேண்டியதில்லை. அச்சத்தால் விளையும் கேடும் உண்டு. மகாராட்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் பலர் இளவயதிலேயே கருப்பையை இழந்திருந்தனர். அச்செய்தி வெளிவந்தபின் 2019ஆம் ஆண்டு அம்மாநில அரசு குழு அமைத்து ஆராய நேர்ந்தது. விட்டுவிடுவதும் கேடு, வெருண்டு வெட்டிக்கொள்வதும் கேடு. இரண்டுக்கும் நடுவே கேட்டறிதல் என்னும் வழி உள்ளது.

அவ்வழியில் சென்ற ஒருவரைச் சொல்கிறோம். நம் உறவில் மருமகள் முறையாகும் 34 வயதுப் பெண் ஒருவர்க்கு 2019ஆம் ஆண்டு சோதனையில் ஐயம் என்று வந்தது. தனியார் மருத்துவர் ஒருவர் கருப்பையை எடுத்துவிடலாம் என்றார். மாடு விற்றுப் பணம் புரட்டவும் வீட்டார் ஆயத்தமாயினர். அவர் தாளுடன் நம்மிடம் வந்தார். “மாமா, எடுத்துவிட்டால் பயம் தீருமா?” என்று கேட்டார். இம்முறை நாம் விடை சொல்லவில்லை. கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, நம் இல்லத்தரசியாரைத் துணைக்கு அனுப்பி, அரசு மருத்துவமனைக்குச் செல்லச் செய்தோம். அங்குக் கால்போஸ்கோப்பியும் பயாப்சியும் செய்து, தொடக்க நிலை மாற்றமே, ஓராண்டு கழித்து வருக என்றனர். ஓராண்டு கழித்துச் சென்றார், மாற்றம் மறைந்திருந்தது. கருப்பையும் பிழைத்தது; மாடும் பிழைத்தது.

அன்று எழுதிக் கொடுத்த கேள்விகள் ஐந்து. இளைஞர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

1. இச்சோதனை எதைக் காட்டும், எதைக் காட்டாது?

2. எடுத்த மாதிரி போதுமானதா? மீண்டும் எடுக்க வேண்டுமா?

3. அடுத்த சோதனை எது? அதன் முடிவைப் பொறுத்துச் செய்யும் மருத்துவம் மாறுமா?

4. காத்திருக்கலாம் எனில் எத்துணை மாதங்கள்? இடையில் எந்த அறிகுறி தோன்றினால் உடனே வர வேண்டும்?

5. எங்கே செல்வது, என்ன செலவாகும், காப்பீட்டுத் திட்டத்தில் அடங்குமா?

இவற்றுள் மூன்றாவது தலையாயது. ஒரு சோதனையின் முடிவு எதுவாயினும் செய்வது ஒன்றே எனில் அச்சோதனை தேவைதானா என்று மருத்துவரைக் கேட்கலாம். முடிவைப் பொறுத்து வழி மாறுமெனில் அதனைத் தவிர்க்கலாகாது. எடுத்துக்காட்டாக, பாப் சோதனையில் அணுமாற்றம் ஐயத்திற்குரியது என வந்தால் வைரஸ் சோதனை வழிகாட்டும். வைரஸ் இல்லையெனில் ஐயம் பெரிதும் குறையும்; இருப்பின் கால்போஸ்கோப்பிக்குச் செல்ல வேண்டும். நான்காம் கேள்வியையும் மறவாதீர். நாள் குறித்துக் காத்திருப்பது மருத்துவம்; நாள் குறிக்காமல் இருப்பது கைவிடுதல்.

ஒன்றை மட்டும் ஐயத்திற்கு இடமின்றிச் சொல்வோம். மாதவிடாய் நின்றபின் உதிரம் பட்டாலும், உறவுக்குப்பின் உதிரம் பட்டாலும், நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் நீடித்தாலும், முன்பு எடுத்த சோதனைத் தாள் நலம் என்று சொன்னாலும், உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். நோய்க்குறி உள்ளவர்க்குச் சல்லடைச் சோதனை போதாது. இதனை அறிந்திருந்தால் நம் தமக்கையார் இன்று முன்வரிசையில் அமர்ந்திருப்பார்.

அமெரிக்காவில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி 1951ஆம் ஆண்டு இந்நோயால் 31 வயதில் மறைந்தார். அவரைக் கேளாமலே எடுக்கப்பட்ட அணுக்கள் ஆய்வுக்கூடங்களில் பெருகி உலகெங்கும் பயன்பட்டன. அச்செய்தி அவர் குடும்பத்திற்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தெரியாது. ஏழையின் உடலிலிருந்து உலகம் விடை பெற்றது. அவர் வீட்டிற்கு விடை வரவில்லை. நம் உடலைப் பற்றிய விடை நம் வீட்டிற்கு வந்து சேர வேண்டும். கேட்பது அடங்காமையன்று, உரிமை.

நிறைவாக இச்சங்கத்திற்கு மூன்று வேண்டுகோள். தெருவுக்கு இரு பெண்களைத் தேர்ந்து, மருத்துவமனைக்குச் செல்வோர்க்குத் துணையாக அனுப்புங்கள். 30 வயது கடந்த தாய்மார்களைச் சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கான தடுப்பூசியைப் பற்றிச் சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள். படித்த இளைஞர்களே, உங்களிடம் ஒரு தாய் தாளைக் கொண்டுவந்தால் இறுதி வரி வரை படியுங்கள். விளங்காத வரி இருப்பின், ‘ஒன்றுமில்லை’ எனச் சொல்லாமல், ‘இது எனக்கு விளங்கவில்லை, கேட்டு வருவோம்’ என்று சொல்லி உடன் செல்லுங்கள்.