மஞ்சளின் நிறமும் குணமும்



திருகோணமலைத் துறைமுகத்திலே விடியற்காலையில் வள்ளங்கள் கரை சேர்கின்றன. அங்கு வாங்கிய மீன், மூதூரிலும் கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் அடுப்பேறுமுன் உப்பும் மஞ்சளும் தடவிக் கழுவப்படுகின்றது. பிள்ளை பெற்ற தாய்க்கு அரைக்கும் சரக்கிலும் மஞ்சள் உண்டு. அம்மன் சந்நிதியிலும் மஞ்சள் உண்டு. இவ்வளவு நெருங்கிய பொருளை ஐயுறுவதற்கு எவருக்கும் மனம் எளிதில் வருவதில்லை. ஆயினும், ஐயுற வேண்டிய காலம் ஒன்று வந்தது.

2020ஆம் ஆண்டிலே கொரோனாத் தொற்றுப் பரவியபோது, பலர் வாசலில் மஞ்சள் நீர் தெளித்தனர். மஞ்சள் கலந்த நீரைப் பருகினர். அதே காலத்தில் இலங்கைக்கு மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டது. நாட்டின் தேவையிற் பெரும்பகுதி அதுவரை இந்தியாவிலிருந்தே வந்துகொண்டிருந்தமையால், கிலோ ஒன்று சில நூறு ரூபாவுக்கு விற்ற மஞ்சள் பல ஆயிரம் ரூபாவுக்கு ஏறியது. கடல்வழியே கள்ளமாகக் கொண்டுவரப்பட்ட மூடைகளைக் கடற்படையினர் கைப்பற்றிய செய்திகள் அடிக்கடி வந்தன. சந்தைத் தூளிலே அரிசி மாவும் கோதுமை மாவும் கலந்தன.

மாவு கலந்தால் நட்டம் பணத்தோடு போகும். நிறத்துக்காகக் கலக்கும் நஞ்சோ பிள்ளைகளின் அறிவையே தின்றுவிடும். அந்த நஞ்சின் பெயர் ஈயக் குரோமேற்று. கதவுக்கும் கலத்துக்கும் பூசும் மஞ்சள் வர்ணத்திலே நெடுங்காலம் சேர்க்கப்பட்டு வந்த நிறப்பொருள் அது. மங்கிய கிழங்கைப் பளபளப்பாக்குவதற்காக அதனைத் தடவும் வழக்கம் வங்காளதேசத்தில் வேரூன்றியிருந்ததென்பதை 2019இல் வெளியான ஆய்வுகள் காட்டின. 1980களிலே வெள்ளத்தில் நனைந்து நிறங்கெட்ட மஞ்சளை விற்பதற்காக இவ்வழக்கம் தொடங்கியதென அங்குள்ளோர் ஆய்வாளரிடம் கூறினர்.

ஈயத்தில் இவ்வளவு தீங்கற்றதென்று சொல்லத்தக்க அளவே இல்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அது குழந்தையின் வளரும் மூளையைத் தாக்கும். கருவுற்ற தாயின் இரத்தத்திலிருந்து வயிற்றுப் பிள்ளையையும் சென்றடையும். சுவையாலோ மணத்தாலோ அதனைக் கண்டுகொள்ள முடியாது.

2020 டிசம்பரிலிருந்து 2021 மார்ச் வரை இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், இலங்கை ஆகிய நாடுகளின் 23 நகரங்களில் மஞ்சள் மாதிரிகள் 356 பரிசோதிக்கப்பட்டன. அவற்றுள் ஏறத்தாழ 14 வீதத்தில் கிராமுக்கு 2 மைக்கிரோகிராமுக்கு மேற்பட்ட ஈயம் இருந்தது. இந்தியா அனுமதிக்கும் உச்ச அளவு 10 மைக்கிரோகிராம். பாட்னா, கராச்சி, பெஷாவர் நகரங்களிலோ ஆயிரத்தையும் கடந்த மாதிரிகள் அகப்பட்டன.

இக்கேட்டுக்குப் பரிகாரமும் உண்டென்பதை வங்காளதேசமே காட்டியது. அரசு வணிகரை எச்சரித்து, தவறியோர்க்குத் தண்டம் விதித்து, மக்களுக்கும் அறிவித்தது. 2019இல் பரிசோதித்த மாதிரிகளில் 47 வீதத்தில் இருந்த ஈயக் கலப்படம், 2021இல் ஒன்றிலேனும் காணப்படவில்லை. இரண்டே ஆண்டுகளில் விளைந்த மாற்றம் இது.

இனி, மஞ்சளின் குணத்தைக் காண்போம். அதற்கு நிறம் தருவது குர்க்குமின் என்னும் பொருள். நூறு பங்கு மஞ்சளில் அது ஏறத்தாழ மூன்று பங்கு. ஒரு தேக்கரண்டித் தூளிலே தொண்ணூறு மில்லிகிராம் அளவே கிடைக்கும். அதிலும் சிறிதளவே இரத்தத்தில் சேரும். மிளகிலுள்ள பைபரின் அந்தச் சேர்க்கையை மிகக் கூட்டுமென 1998இல் இந்திய ஆய்வாளர் கண்டனர்.

செரிமானக் கோளாறுள்ள 206 பேரை வைத்துத் தாய்லாந்தில் நடத்திய ஓர் ஆய்வு 2023இல் வெளியாயிற்று. அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் மருந்துக்குக் குர்க்குமின் ஒப்பாக இருந்ததென அது காட்டியது. எனினும், புற்றுநோய் முதலிய பெருநோய்களைக் குர்க்குமின் தீர்க்குமென்பது இன்னும் நிலைநாட்டப்படவில்லை. கைமருந்தை நம்பி வைத்தியசாலைக்குப் போவதைத் தள்ளிப்போடுதல் தகாது.

கறியிலே இடும் மஞ்சளுக்கும், கடையில் விற்கும் குர்க்குமின் குளிசைக்கும் பெரும் வேறுபாடு உண்டு. 500 மில்லிகிராம் செறிவுக் குளிசை ஒன்று, ஐந்து தேக்கரண்டித் தூளிலுள்ள குர்க்குமினை ஒரே வாயில் விழுங்குவதற்குச் சமமாகலாம். அதிலே மிளகின் சாரமும் சேர்ந்தால் உடல் ஏற்கும் அளவு இன்னும் கூடும். இத்தகைய குளிசைகளை உண்ட சிலருக்கு ஈரல் அழற்சி உண்டாயிற்று. 2019இல் இத்தாலியில் இவ்வாறு பலர் நோயுற்றனர். 2022இல் அமெரிக்க வைத்தியர்கள் பத்து நோயாளரைப் பற்றி எழுதினர்; அவர்களில் ஒருவர் இறந்தார். இக்கேடு அரிதே. ஆயினும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர், பித்தக்கல் உடையோர், ஈரல் நோயாளர், கருவுற்றோர் ஆகியோர் வைத்தியரைக் கேளாமல் குளிசையைத் தொடுதல் நன்றன்று.

இல்லத்தார் செய்யத்தக்கவை யாவை? அளவுக்கு மிஞ்சி ஒளிரும் மஞ்சளைக் கண்டு மயங்கற்க. விரலில் தேய்க்கும்போதே வர்ணம் ஒட்டும் கிழங்கைத் தள்ளுக. பெயரும் முகவரியும் இல்லாத பொதித் தூளைத் தவிர்க்க. ஐயம் எழுந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிக்க. ஆய்வுகூடமே உண்மையைச் சொல்லவல்லது.

எல்லாவற்றினும் எளிய வழி கிணற்றடியிலேயே உண்டு. குளித்த நீர் பாயும் அரைநிழலில் நான்கு கிழங்குத் துண்டுகளை ஊன்றினால், எட்டு அல்லது ஒன்பது மாதத்தில் இலை பழுத்து விளைவு தயாராகும். கிழங்கை அவித்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, வீட்டிலேயே இடித்துக்கொள்ளலாம். அந்தத் தூள் சந்தைத் தூள்போல் மினுங்காது. ஆனால், அதை இட்டுச் சமைத்த கறியைப் பிள்ளையின் தட்டிலே பரிமாறும் தாயின் கை தயங்கவேண்டிய தேவையும் இராது.