பொறியியல் நூல்களைச் சேர்த்தலும் காத்தலும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



"கைப்பேசியில் எல்லா நூலும் கிடைக்கும்போது அலமாரி எதற்கு ஐயா?" என நம் கருக்களாச்சேரி இளைஞர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். திருவேட்டக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம் அமைந்துள்ள மாவட்டம் நமது. ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்களையே வீட்டிலிருந்து கட்டணமின்றிக் கேட்கலாம். இவற்றை நாம் பழிக்கவில்லை. ஆயினும் கல்லூரி சந்தா செலுத்திப் பெறும் மின்னூல்கள் மாணவனுக்குச் சொந்தமல்ல. படிப்பு முடிந்து கடவுச்சொல் செல்லாததாகும் நாளில் கதவு சாத்தப்படும். வேலை தேடும் காலமும் அதுவே. வசதி படைத்தவன் விலைக்கு வாங்கிக்கொள்வான். நம் முதல் தலைமுறைப் பட்டதாரி என் செய்வான்?

அண்ணல் அம்பேத்கர் 1917இல் இலண்டனிலிருந்து திரும்பியபோது, அவர்தம் நூல்களை ஏற்றி வந்த கப்பல் ஜெர்மானிய நீர்மூழ்கியால் தாக்கப்பட்டு மூழ்கிற்று. அவர் மீண்டும் சேர்த்தார். 1930களில் தாதரில் எழுப்பிய இராஜகிருகத்தை நூல்களுக்காகவே அமைத்தார். 1942 முதல் 1946 வரை வைசிராய் அவையில் தொழிலாளர் துறையோடு பாசனத்தையும் மின்சாரத்தையும் அவர் கவனித்தார் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டம் அக்காலத்தில் உருப்பெற்றது. சட்டம் பயின்றவர் அணைகளைப் பற்றி ஆராய்ந்தார்!

எவற்றைச் சேர்ப்பது? கணக்கும் அடிப்படை விசையியலும் எளிதில் பழையனவாவதில்லை. தரநூல்களோ மாறும். கான்கிரீட்டுக்குரிய ஐ.எஸ். 456ஐ எடுத்துக்கொள்வோம். கடற்கரையில் கம்பி இட்ட கான்கிரீட்டுக்கு எம்20 போதும் என்றது 1978ஆம் ஆண்டுப் பதிப்பு. எம்30 வேண்டும் என்றது 2000ஆம் ஆண்டுப் பதிப்பு. உப்பு உள்ளே புகுந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். நம் கரையில் விரிசல் கண்ட தூண்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். புதிய வீடு கட்ட நடப்புப் பதிப்பு வேண்டும். பழைய கட்டடம் ஏன் வெடித்தது என ஆராயப் பழைய பதிப்பும் வேண்டும். நடப்புத் தரநூல்களை இந்தியத் தர நிர்ணய அமைவனம் இன்று கட்டணமின்றியே தருகிறது. பழையனவற்றை எறிந்துவிட்டுப் பின்னர் தேடி அலைவானேன்?

காப்பதில் கடற்காற்றே முதல் பகை. அலமாரி சுவரை ஒட்டாதிருக்கட்டும். அடித்தட்டு தரையைவிட நன்கு உயர்ந்திருக்கட்டும். 2004இன் ஆழிப்பேரலையையும் 2018இன் கஜாவையும் கண்டவர்களுக்கு விளக்கம் வேண்டா. நெகிழித்தாளால் இறுகச் சுற்றினால் ஈரம் உள்ளே தங்கிப் பூசணம் பிடிக்கும். கரையான் புற்று தோன்றுகிறதா என மாதந்தோறும் பார்க்க வேண்டும்.

மின்னூலுக்கும் கரையான் உண்டு. கைப்பேசி கடலில் விழுந்தால் நூலகமே போயிற்று. ஒரு படி சங்கக் கணினியிலும், மற்றொன்று வேறூரில் வாழும் உறுப்பினர் ஒருவரிடமும் இருத்தல் நன்று. கோப்பின் பெயரில் நூற்பெயர், ஆசிரியர், பதிப்பாண்டு மூன்றும் வேண்டும். வெறும் எண்ணிட்ட கோப்பை எவரும் கண்டெடுக்க இயலாது. ஆண்டுக்கொரு முறையேனும் திறந்து பார்க்க வேண்டும். திருட்டுப் படிகள் நமக்கு வேண்டா. பக்கங்கள் விடுபட்டிருக்கும், எந்தப் பதிப்பு என்பதும் விளங்காது.

தொழிற்பயிற்சி, பாலிடெக்னிக், பொறியியல் பயின்றோரின் நூல்கள் நம் வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. பழைய தாள் கடைக்கு எடைக்குப் போடுமுன் சங்கத்திற்குக் கொண்டு வாருங்கள். ஓரத்தில் பென்சிலால் போட்ட கணக்குகளை அழிக்க வேண்டா. அடுத்துப் படிக்கும் பிள்ளைக்கு அவையும் பயன்படும்.